எதிர் ஓட்டு

தேர்தல் நாள் காலையில் ஒன்னேலா ஊர் பனிமூட்டத்துக்குள் காணாமல் போயிருந்தது. சுரங்கக் கம்பெனி இரும்புத்தாது தோண்டி எடுத்துவிட்டுப் போன பெரும்பள்ளம் ஊருக்கு வடக்கே ஏரியாகிக் கிடக்கிறது. கோடை முழுக்க வெயிலைக் குடித்த அந்தத் தண்ணீர் நவம்பரில் குளிர் இறங்கியதும் பெருமூச்சு விட ஆரம்பிக்கும். அந்த மூச்சு கரையேறி வந்து தெருக்களை நிறைத்து, மாதா கோயில் கோபுரத்தை அழித்து, பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைக்கூட எங்கோ தூர தேசத்துச் சத்தமாக்கிவிடும்.

இர்யா ப்ரெபிச் கோட்டை மாட்டிக்கொண்டு, தலையில் கம்பளித் தொப்பியும் வைத்துக்கொண்டு, சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்து வெகு நேரமாகிவிட்டது. ஓட்டுப் போட ஒவ்வொரு முறையும் புருஷன் ரூடிதான் வண்டியைச் சூடாக்கி வைத்து, வாசலில் நின்று ஹாரன் அடிப்பான். அந்தச் சத்தம் கேட்டால்தான் அவள் கால் எழும்பும். ரூடி ஏப்ரலில், ஏரிப் பனிக்கட்டி உடைந்த வாரத்தில், போய்ச் சேர்ந்துவிட்டான். ஹாரன் அடிக்க ஆளில்லை என்பது அவளுக்குத் தெரியும். அவள் காலுக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

அந்த ஊரில் ஒரு காலத்தில் கழுதைச் சின்னம் ஒன்றுதான் உண்டு. ஃபின்லாந்திலிருந்தும் ஸ்லொவேனியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் தாது வெட்ட வந்தவர்களின் பிள்ளைகள் எல்லாரும் தொழிற்சங்கம், எல்லாரும் ஜனநாயகக் கட்சி. குடியரசுக் கட்சியின் யானைக்கு விழுகிற ஓட்டை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஒன்று சுரங்க மானேஜருடையது, ஒன்று பல் டாக்டருடையது, மூன்றாவது யாருடையது என்று அடுத்த தேர்தல் வரைக்கும் முடிதிருத்தும் கடையில் பேசிக்கொண்டிருப்பார்கள். பிறகு சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடின. இளவட்டங்கள் தெற்கே போனார்கள். யாரும் கூட்டம் போட்டு முடிவு செய்யவில்லை, யாரும் யாரையும் பிடித்து இழுக்கவில்லை. வசந்தத்தில் ஏரிப் பனி உருகுகிற மாதிரி, பார்த்துக்கொண்டிருக்கும்போதே தெரியாமல், ஒரு முற்றத்தில் யானைப் பலகை முளைத்தது. மறு தேர்தலில் நாலு முற்றத்தில். இப்போது ஊர் பாதிக்குப் பாதி.

ரூடி மாறியது ஒரு பிப்ரவரி மாதம். ஒன்பது வருஷமாகிறது. சாயங்காலம் வெளியே போயிருந்தவன் திரும்பி வந்து, கராஜ் சுவரில் அவன் அப்பா காலத்திலிருந்து தொங்கிய கழுதைப் படத்தைக் கழற்றி, அந்த ஆணியில் தன் தொப்பியை மாட்டினான். ஏன் என்று கேட்டதற்கு, "ஆணி சும்மா இருந்துச்சு" என்றான். அவ்வளவுதான். டிவி பார்த்துக் கெட்டுப் போய்விட்டான் என்று இர்யா முடிவு கட்டினாள். வருஷக்கணக்காகச் சண்டை போட்டாள். அப்புறம் அந்தச் சண்டையும் பழைய சோபா மாதிரி வீட்டில் ஒரு இடம் பிடித்து உட்கார்ந்துவிட்டது.

"எதிரெதிராப் போட்டு, என் ஓட்டை நீ அடிச்சிடறே, உன் ஓட்டை நான் அடிச்சிடறேன். பெட்ரோல்தான் நஷ்டம், கிழவி" என்பான் ரூடி. ஆனாலும் சேர்ந்தேதான் போவார்கள். ஒரு வருஷம் அவளுக்குக் கடும் காய்ச்சல். அவன் பூட்ஸ் மாட்டி வாசல் வரைக்கும் போனவன், திரும்பி வந்து கட்டிலோரம் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினான். "நீ இல்லாம நான் மட்டும் போய்ப் போட்டா அது திருட்டு" என்றான். அன்றைக்கு அவள் காய்ச்சலோடு காய்ச்சலாகக் கொஞ்சம் அழுதாள். அவனிடம் சொல்லவில்லை.

பனிக்குள்ளிருந்து ஹாரன் கேட்டது.

இர்யாவின் கால் தானாக எழும்பியது. கதவைத் திறந்தாள். வாசலில் மங்கலாக இரண்டு விளக்கு. ஜன்னலை இறக்கிவிட்டு எய்னோ லட்வாலா தலையை நீட்டினான். இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவன், ரூடியோடு ஒரே ஷிப்டில் லாரி ஓட்டியவன், இர்யாவோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவனும் இப்போது யானைதான்.

"ஏய் இர்யா! கோட்டெல்லாம் போட்டுக்கிட்டு யாருக்குக் காத்திருக்கே? கவர்னர் வந்து கூட்டிட்டுப் போகப் போறாரா?"

"உன் வண்டியில ஏறினேன்னா எங்க அப்பா கல்லறையிலேருந்து எழுந்து வந்துடுவாரு."

"வரட்டுமே. நடுவுல உக்காத்தி வச்சுக்கலாம். இடம் இருக்கு."

அவள் நகரவில்லை. எய்னோ எட்டிப் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டான்.

"இதைக் கேளு. ரூடி போயிட்டான். உன் ஓட்டை அடிக்க ஆளில்ல. என் ஃபிலோமினாவுக்கு இப்ப எம் பேரே மறந்து போச்சு, அவ எங்கேருந்து வந்து என் ஓட்டை அடிக்கிறது? நீயும் நானும் ஆளுக்கொரு அனாதை ஓட்டை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கோம். சேர்ந்து போயிட்டோம்னா சரியாப் போயிடும்."

இர்யா கதவைப் பூட்டிக்கொண்டு வந்து ஏறினாள்.

ஃபிலோமினா முதியோர் இல்லத்துக்குப் போய் ஒரு வருஷம் ஆகிறது. நினைவு தப்புகிற வரைக்கும் கழுதைக் கட்சிக்காரி. புருஷனின் யானைப் பலகைக்கு முன்னால், அதை மறைக்கிற உயரத்துக்குச் சூரியகாந்தி வளர்த்தவள். அவளைப் பற்றிப் பேசிக்கொண்டே எய்னோ ஓட்டினான். வண்டியின் மூக்குக்கு முன்னால் எதுவும் தெரியவில்லை. அவன் ஞாபகத்தை நம்பித் திரும்பினான், மறுபடி திரும்பினான். சக்கரத்துக்கடியில் தார் போய்ப் புல் மிதிபடுகிற ஓசை வந்தது.

"எய்னோ, இது டவுன் ஹால் ரோடு இல்ல."

"தெரியுது."

"பழைய ஊருக்குள்ள வந்துட்டோம்."

அந்தப் பகுதியின் அடியில் தாது இருக்கிறதென்று கண்டுபிடித்தபோது, கம்பெனி வீடுகளைப் பெயர்த்து உருளை மேல் வைத்துத் தெற்கே நகர்த்தியது. வீடுகள்தான் போயின. தெருக்கள் அப்படியே கிடக்கின்றன. நடைபாதை இருக்கிறது, விளக்குக் கம்பம் இருக்கிறது, சிமெண்டுப் படிகள் ஏறி ஏறி ஒன்றுமில்லாத இடத்தில் போய் முடிகின்றன. தோண்டப்போகிறோம் என்ற கம்பெனி கடைசியில் இந்தப் பக்கம் தோண்டவேயில்லை. இர்யாவின் அம்மா பிறந்தது இங்கேதான், ஏதோ ஒரு படிக்கட்டுக்கு மேலே.

எய்னோ எஞ்சினை அணைத்தான். "கொஞ்சம் விலகட்டும். பள்ளத்துல போய் இறங்கிட்டோம்னா ரெண்டு கட்சிக்கும் நஷ்டம்."

இர்யா பையிலிருந்து தெர்மாஸையும் ஏலக்காய் ரொட்டியையும் எடுத்தாள். காப்பி வாசனை வண்டியை நிறைத்தது. வெளியே மானொன்று நடைபாதையின் மேலேயே நடந்து வந்தது. தெரு முனையில் நின்று, வண்டி வருகிறதா என்று பார்க்கிற மாதிரி இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்துவிட்டு, நிதானமாகக் குறுக்கே கடந்து போனது. யாரோ குடியிருக்கிறவர் கடைக்குப் போகிற மாதிரி இருந்தது. இர்யாவுக்கு ஏனோ அதைக் கூப்பிட்டு நலம் விசாரிக்க வேண்டும் போலிருந்தது.

"ரூடி ஏன் மாறினான்னு உனக்குத் தெரியுமா?" எய்னோ கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்டான்.

"டிவி."

"டிவியும் இல்ல, துப்பாக்கிச் சட்டமும் இல்ல. அவன் மாறின அன்னிக்குப் பள்ளிக்கூடத்துல கழுதைக் கட்சிக் கூட்டம். நீ ஹாக்கிப் பசங்களை பஸ்ல ஏத்திக்கிட்டு துலூத் போயிருந்தே. மினியாபொலிஸ்லேருந்து ஒரு பொண்ணு வந்திருந்துச்சு, கூட்டத்தை நடத்த. நல்ல பொண்ணுதான், குறை சொல்லக் கூடாது. புதுசா சுரங்கம் திறக்கலாமா கூடாதான்னு பேச்சு. ரூடி எழுந்தான். அவனுக்குக் கூட்டத்துல பேச வராது, உனக்குத் தெரியுமே. கழுத்தெல்லாம் சிவந்து போச்சு. பள்ளத்துத் தண்ணி வருஷா வருஷம் ஏறுது, கம்பெனி இருந்தா தண்ணியை இறைக்கிற பம்பு ஓடும், கம்பெனி போயிட்டா பம்பை யாரு ஓட்டுவா, இப்படியே போனா நம்ம வீட்டு நிலவறையெல்லாம் முழுகிடும்னு சொன்னான். எத்தனை அடி ஏறியிருக்குன்னுகூடச் சொன்னான். தினம் காலையில போய்ப் பார்த்துட்டு வர்றவனாச்சே."

"அப்புறம்?"

"அந்தப் பொண்ணு, 'உங்க உணர்வுகளைப் பகிர்ந்துக்கிட்டதுக்கு ரொம்ப நன்றி'ன்னுச்சு. அடுத்து யாருன்னு கேட்டுச்சு."

இர்யா காப்பிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"அவன் உணர்வைச் சொல்லல இர்யா. தண்ணி எத்தனை அடின்னு சொன்னான்." எய்னோ கண்ணாடியில் படிந்த ஆவியைத் துடைத்தான். "அந்தப் பொண்ணு வெளியூரு. அதை விடு. கூட்டத்துல இருந்தது எல்லாம் நாமதானே? கூட வேலை பார்த்தவங்க, பொண்ணு குடுத்தவங்க, எடுத்தவங்க. ஒருத்தரு வாயைத் திறக்கல. ரூடி கொஞ்ச நேரம் நின்னுக்கிட்டே இருந்தான். அப்புறம் உக்காந்துட்டான். நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"யானைக்காரங்க மட்டும் தண்ணியைப் பத்திக் கேட்டாங்களா?"

"எங்க? அவங்களும் கேக்கல. ஆனா கையைப் பிடிச்சுக் குலுக்கினாங்க."

இர்யாவுக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். "எங்கிட்ட ஏன் சொல்லல? ஒரே கட்டில்ல படுத்துக்கிட்டு, ஒன்பது வருஷம்!"

"சொல்லியிருந்தா நீ என்ன சொல்லியிருப்பே?"

அதற்காகவா அந்தப் பக்கம் சாய்ந்தாய் என்று கேட்டிருப்பாள். பார்க்கப்போனால் அதையேதான் வெவ்வேறு வார்த்தைகளில் ஒன்பது வருஷம் கேட்டுக்கொண்டிருந்தாள். இப்போதும் அவளால் அவன் செய்ததை ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஒரு பெண்ணின் நன்றிக்காகவா அப்பாவின் சங்கத்தை, தாத்தா அடிவாங்கிய வேலைநிறுத்தத்தை விடுவது? ஆனால் கழுத்துச் சிவந்து நிற்கிற ரூடி கண்ணிலேயே நின்றான். வெண்புகைக்கு நடுவில், ஒன்றுமில்லாத இடத்தில் போய் முடிகிற படிக்கட்டொன்றின் உச்சியில், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு.

"பேசாம இப்படியே உக்காந்திருந்துட்டு வீட்டுக்குப் போயிடலாமா?" என்றான் எய்னோ. "எப்படியும் ஒண்ணைக் கூட்டி ஒண்ணைக் கழிச்சா சைபர்தானே."

"சைபரா இருந்தாலும் நாம போய்ப் போட்ட சைபரா இருக்கட்டும். நகரு அந்தப் பக்கம்."

"என்னது?"

"இறங்கிச் சுத்தி வாய்யா. பள்ளிக்கூட பஸ் ஓட்டினவ நான். இதைவிட மோசமான பனியில, பின்னாடி நாப்பது குரங்குங்களை வச்சுக்கிட்டு ஓட்டியிருக்கேன்."

அவள் ஸ்டீயரிங்கைப் பிடித்தாள். வலது சக்கரத்தை நடைபாதைக் கல்லோடு உரசவிட்டு, அந்த உரசலைக் கையில் வாங்கிக்கொண்டே, கண்ணால் பார்க்காமல் காதாலும் உள்ளங்கையாலும் ஓட்டினாள். இல்லாத வீடுகளின் தெருக்கள் ஒவ்வொன்றாகக் கடந்து போயின. எய்னோ கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த இரண்டு மொழியிலும் ஜெபம் செய்தான். கல் உரசல் நின்று தார் வந்ததும், "உங்க கட்சியில ஓட்டத் தெரிஞ்சவங்க இன்னும் இருக்காங்கன்னு ஒத்துக்கறேன்" என்றான்.

டவுன் ஹாலின் கீழ்த்தளத்தில் வெளிச்சமும் ஈரக்கோட்டு வாசனையும் நிறைந்திருந்தன. ஊர்க் குமாஸ்தா விவியன் ஜக்லிச் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து வாக்காளர் பட்டியலைத் திருப்பினாள். ப்ரெபிச் என்ற பெயர் எப்போதும் ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு வரும். இப்போது இர்யாவுக்கு அடுத்து யாரோ ப்ரெஸ்டன் என்றிருந்தது. விவியன் அந்த இடத்தைத் தன் உள்ளங்கையால் மறைத்துக்கொண்டு, "இங்க கையெழுத்துப் போடுங்கக்கா" என்றாள்.

தடுப்புக்குள் போய் நின்றதும் பக்கத்துத் தடுப்பில் இருமல் கேட்கிறதா என்று இர்யாவின் காது தானாகத் தேடியது. அவள் பேனாவை எடுக்கும் சமயம் பார்த்து, "யோசிச்சுப் போடு" என்கிற மாதிரி ரூடி இருமுவான். இன்றைக்கு அந்தப் பக்கம் எய்னோ மூக்கைச் சிந்துகிற சத்தம்தான் வந்தது. ஜனாதிபதிக்கான வட்டத்தின் மேல் அவள் பேனா நின்றது. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவனுக்காக அவன் வட்டத்தை நிரப்பினால் என்ன? அவன் ஓட்டு வீணாகப் போகாதே. நினைத்துப் பார்த்தாள். அவன் சிரிப்பது கேட்டது: என் ஓட்டைப் போட உனக்கு யாருடி அதிகாரம் குடுத்தது? தன் வட்டத்தையே நிரப்பினாள். அழுத்தி, விளிம்பு தாண்டாமல்.

தாளைத் திருப்பினாள். நீதிபதிகள், பள்ளிக்கூட வரி. எல்லாவற்றுக்கும் கீழே, பள்ளத்து நீர்க்குழு உறுப்பினர் என்று ஒரு பதவி. சம்பளமில்லாத வேலை, மாதம் ஒரு கூட்டம். அதற்கு யாருமே மனுப் போடவில்லை. பெயர் இல்லாமல் வெறும் கோடு மட்டும் இருந்தது, வேண்டியவர் பெயரை எழுதிக்கொள்ளலாம் என்று. இர்யா யோசிக்கவேயில்லை. முப்பது வருஷம் அவன் சாப்பாட்டுப் பெட்டி மூடியில் மை பேனாவால் எழுதிய பெயரை அவள் கை தானாக எழுதிவிட்டது. ரூடி ப்ரெபிச். எழுதியதைப் பார்த்ததும் பயமாக இருந்தது. அடிக்கவும் மனசில்லை. இயந்திரம் தாளை உள்ளே இழுத்துக்கொண்டது.

அன்று திரும்பும் வழியில் இருவரும் ஃபிலோமினாவைப் பார்க்கப் போனார்கள். அவள் ஜன்னலோர நாற்காலியில், வெளியே கலைகிற பனியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். எய்னோவின் சட்டையில் ஒட்டியிருந்த, ஓட்டுப் போட்டவர்களுக்குக் கொடுக்கிற சிவப்பு வில்லையை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"தேர்தலா? யாரு ஜெயிச்சா?"

எய்னோ இர்யாவைப் பார்த்தான். பிறகு மனைவியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, "நாமதான்" என்றான்.

"எல்லாருமா?"

"எல்லாரும்."

"நல்லது" என்றாள் ஃபிலோமினா. "சங்கத்துக்காரங்களுக்குக் காப்பி போடணுமே." எழுந்திருக்கப் பார்த்தாள். இர்யா அவள் கையைப் பிடித்து உட்கார வைத்து, தெர்மாஸில் மிச்சமிருந்ததை ஊற்றிக் கொடுத்தாள்.

இரண்டு நாள் கழித்து, மதியத்தில், விவியன் இர்யாவின் வீட்டுக்கே வந்தாள். வந்தவள் உட்காராமல், தொப்பியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றாள்.

"அக்கா, ஊர் ஓட்டு முடிவு பார்த்தீங்களா?"

"யானை கொஞ்சம் மேல. வழக்கம்தானே."

"அது இல்ல. நீர்க்குழு. வெறும் கோடு இருந்துச்சில்ல? நான் நினைச்சேன், ஒருத்தர் ரெண்டு பேர் அவங்கவங்க நாய் பேரை எழுதி வைப்பாங்க, அதோட போகும்னு. நாய்க்கும் ரெண்டு விழுந்துச்சு. ஆனா…" விவியன் மூச்சிழுத்துக்கொண்டாள். "அறுபது பேருக்கு மேல ரூடி அண்ணன் பேரை எழுதியிருக்காங்க. கழுதைக்குப் போட்ட தாளிலயும் இருக்கு, யானைக்குப் போட்ட தாளிலயும் இருக்கு. எழுத்துப்பிழை எத்தனை விதமா உண்டோ அத்தனை விதமாவும் இருக்கு. யாரும் யார்கிட்டயும் பேசி வச்சுக்கலக்கா, நான் விசாரிச்சேன். தண்ணின்னதும் அவர் ஞாபகம் வந்துச்சுன்னு சொல்றாங்க."

இர்யாவுக்கு, ஊரே ஒரே கனவைக் கண்டுவிட்டு, காலையில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாமல் அவரவர் வேலையைப் பார்க்கப் போன மாதிரி இருந்தது.

"ஜெயிச்சுட்டாரா அப்ப?"

"ஜெயிச்சுட்டாரு. மாவட்டத்துலேருந்து ஃபோன் பண்ணி, பதவியை ஏத்துக்கிறாரான்னு கேட்டாங்க. நான் என்னன்னு சொல்றது?"

இர்யா சிரிக்க ஆரம்பித்தாள். சிரிப்பு எங்கேயோ வழுக்கி அழுகையில் போய் விழுந்தது. விவியன் அவளைப் பிடித்து உட்கார வைத்து, தானும் உட்கார்ந்து, கொஞ்சம் அழுதாள். அன்றைக்குப் பள்ளிக்கூடக் கூட்டத்தில் விவியனும் இருந்திருப்பாள். அவள் அதைச் சொல்லவில்லை, இர்யாவும் கேட்கவில்லை.

"செத்தவங்க உக்கார முடியாதாம்," என்றாள் விவியன் மூக்கைத் துடைத்துக்கொண்டு. "காலியிடத்துக்கு ஊர்சபைதான் ஆள் போடணும். நேத்து கூடினாங்க. மத்த எல்லாத்துக்கும் கத்துறவங்க, இதுக்கு ஒருத்தரும் கத்தல. உங்களைக் கேட்டுட்டு வரச் சொன்னாங்க."

"என்னையா? எனக்குத் தண்ணியைப் பத்தி என்ன தெரியும்?"

"தெரிஞ்சுக்கலாம். ஆனா சண்டை போட வேண்டியிருக்கும். கம்பெனியோட, மாவட்டத்தோட, ரெண்டு கட்சிக்காரங்களோடயும்."

"சண்டையில எனக்குப் பழக்கமுண்டு" என்றாள் இர்யா. "ஒன்பது வருஷம் வீட்டுக்குள்ளயே பயிற்சி."

மறுநாள் வானம் துடைத்துவிட்ட மாதிரி நீலமாக இருந்தது. அவள் பள்ளத்தின் விளிம்புக்குத் தனியாக நடந்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட ரூடியோடு இங்கே வந்ததில்லை. சிவந்த பாறையில் அடி அடியாக வெள்ளைக் கோடு போட்ட கம்பம் நட்டிருந்தது. தண்ணீர் அசையாமல் கிடந்தது. எதிர்க்கரைக் காடு, ஒரு துளி கலங்காமல், தலைகீழாக அதற்குள் நின்றது. இவ்வளவு அழகான ஒன்று ஊரை மூழ்கடிக்கும் என்று சொன்னால் யார் நம்புவார்கள்? அவள் குனிந்து எண்ணைப் படித்தாள். நிமிர்ந்து நின்று மறுபடியும் படித்தாள். பிறகு எய்னோவுக்கு ஃபோன் போட்டாள்.

எண்ணைச் சொன்னதும் எய்னோ அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான். "ஏறியிருக்கு" என்றான். "ரூடி கடைசியா சொன்னதைவிட நல்லாவே ஏறியிருக்கு."

"ம்."

"யார்கிட்ட சொல்லப் போறே?"

"உன்கிட்டதான் முதல்ல சொன்னேன். அடுத்த கூட்டத்துக்கு நீ வர்றே. நான் பேசி முடிச்சதும், சும்மா உக்காந்திருக்காம எழுந்து நிக்கறே."

"நான் யானைக்காரன் ஆச்சே, பரவாயில்லையா?"

"அதனாலதான்யா கூப்பிடறேன்."

ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு இர்யா கரையோரமாக நடந்தாள். பம்பு எங்கே இருக்கிறது, ஓடுகிறதா என்று அவள் இன்னும் பார்க்க வேண்டியிருந்தது.